வலது காலுக்கு ஒரே வேலை

த்ரீவீலில் வலது காலுக்கு இருப்பது ஒரே வேலைதான். அமத்தினால் வண்டி நிற்கும். வேகத்துக்கும் காலுக்கும் சம்பந்தம் கிடையாது. அது வலது கையின் முறுக்கு. கிளச்சும் கியரும் இடது கை. இடது கால் முதலாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். நகரசபையில் தண்ணீர்ப் பட்டியல் எழுதுகிற எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அந்த ஒரு கிழமைக்கு முன்னால் எனக்கும் இது தெரியாது, தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் கணபதி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தடியில் த்ரீவீல் ஓட்டுகிறவர். போன வருசம் அவருக்கு முதுகில் வலி தொடங்கியது. பிறகு அது இடது காலுக்கு இறங்கியது. காலையில் எழுந்து தரையில் ஊன்றினால் குதிகால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்றார். பேராதனையில் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், முதுகெலும்பின் அடியில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அமத்துகிறது, இந்தக் குலுக்கல் வண்டியை விடாவிட்டால் கால் நிரந்தரமாக மரத்துப் போகும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று டொக்டருக்கே விளங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பாரூக் ஹாஜியார் ஆள் தேடினார். பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவர். கண் ஒப்பரேஷன் செய்த பிறகு அவரால் கார் ஓட்ட முடியவில்லை. மகன் எடுத்துக் கொடுத்த ஜப்பான் கார், கியர் போடத் தேவையில்லாதது, மெத்தை மாதிரிப் போகும். "ஒரு கிழம ஓட்டட்டும். எனக்குப் பிடிச்சிச்செண்டா வெச்சிக்கொள்றேன்" என்றார். திங்கள் தொடங்கி சனி முடிய. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் இரண்டு காலில் நடப்பாரா, இழுத்துக்கொண்டு நடப்பாரா என்பது அந்தக் காரில் இருந்தது.

முதல் நாள் ஹாஜியாரும் அவர் மனைவி கைரியா ராத்தாவும் பின்னால் ஏறி உட்கார்ந்தார்களாம். கணபதி பொத்தானை அமத்தினாராம். சத்தமில்லை. திரும்ப அமத்தினாராம். சத்தமில்லை.

"என்னா கணபதி, போவலயா?"

"இன்னும் ஸ்டார்ட் ஆகல ஹாஜியார்."

அது முதல் அமத்தலிலேயே தயாராகிவிட்டது. இரண்டாவது அமத்தலில் நின்றுவிட்டது. மூன்றாவதில் திரும்பத் தயார். பற்றரியில் கிளம்புகிற கார் சத்தம் போடாது. என் வீட்டுக்காரருக்கோ எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பது உட்காருகிற இடத்தில் நடுக்கம் வந்தால்தான் தெரியும். இப்படியே அமத்தி அமத்தி, கடைசியில் கைரியா ராத்தாதான் எட்டிப் பார்த்து, "அந்தப் பச்ச எழுத்து வந்து எவ்வளவு நேரம், நீங்க இன்னும் பெல் அடிச்சிட்டு நிக்கிறீங்களே" என்றாராம்.

அன்றைக்கே கடுகண்ணாவை ஏற்றத்தில் வேகம் போதாமல், ஸ்டியரிங்கின் வலது பக்கத்தைப் பிடித்து முறுக்கினாராம். இதை அவரே வீட்டில் வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வேறென்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. வரும்போதுதான் கொஞ்சம்."

வரும்போது நடந்தது இது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை த்ரீவீலில் இறக்கிவிட்டு, அதே த்ரீவீலில் பிலிமத்தலாவைக்குப் போய், கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் காரை எடுக்கிறார். பின்னேரம் காரை வைத்துவிட்டு த்ரீவீலில் வீட்டுக்கு வருகிறார். அன்று பேராதனைப் பாலத்தின் நடுவில், முன்னால் இடம் கிடைத்ததும், கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று வலது காலை அமத்தியிருக்கிறார். த்ரீவீல் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஒரு சாண் இடைவெளியில் நின்றதாம். ட்ரைவர் தலையை வெளியே நீட்டி, "மொகத மல்லி, நிதிமதத?" என்று சிங்களத்தில் கேட்டானாம். தூக்கமா தம்பி என்று ஆதரவாகத்தான் கேட்டானாம்.

"நாளையிலருந்து பஸ்ஸுல போங்க," என்றேன். "இந்த வண்டியத் தொடாதீங்க. காலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவ புத்தி மாறணும்னா அது என்ன செய்யும்?"

"பஸ்ஸுல நின்னுகிட்டுப் போனா முதுகு என்னாகுறது?"

"அப்போ பள்ளிக்கூட ஹயரைப் பழனியாண்டிக்குக் குடுங்க. அவரு வண்டியிலயே உக்காந்து போங்க."

பழனியாண்டி அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. அதே இடத்தில் சொந்த த்ரீவீலில் ஹயர் ஓடுகிறவர்.

"பழனியாண்டியா? அவன் கண்ணாடியில மொகம் பாத்துக்கிட்டே ஓட்டுவான். புள்ளைங்கள நம்பிக் குடுக்க முடியுமா?"

முகம் பார்க்கிறவனாவது வண்டியை ஓடவிட்டுப் பார்க்கிறான், பாலத்தில் நட்டு வைக்கவில்லை என்றேன். அவர் டிவியைப் போட்டார். டிவியில் ஏதோ ஒரு கார் வளைவில் வர, இவருடைய வலது கால் சீமெந்துத் தரையை ஓங்கி மிதித்தது. கால் அமத்தியது பிரேக்கையா, மற்றதையா என்று கேட்டேன். யோசித்தார். யோசித்தாரே!

செவ்வாய்க்கிழமை கார் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சை இடித்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காரிலும் இவரைத் தவிர ஆளில்லை, நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவசரத்தில் கால் தானாக, நேராக, தனக்குக் கீழே இருந்ததை மிதித்துவிட்டது. காரில் அந்த இடத்தில் இருப்பது வேகம். ஹாஜியாருக்குத் தெரியாது. பெஞ்சுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் சோறு முன்னால் உட்கார்ந்து, கையை வைக்காமல் இருந்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் பயம் வந்ததைப் பார்த்தேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாண வீடுகளுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனால் இந்த மனுசன் வேறு ஆளாக நடப்பார். படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார், குரல்கூடத் தாழ்ந்துவிடும். த்ரீவீலில் ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரத்தில் தள்ளிவிட்டு வெறுங்காலில்தான் ஓட்டுவார். அது அவருக்குப் பழக்கம். சரி, அப்படியே இருக்கட்டும்.

"த்ரீவீலுக்கு வெறுங்காலு," என்றேன். "காருக்குச் சப்பாத்து. காருல ஏறுறதுக்கு முன்னாடி கயிறு இறுக்கிக் கட்டுங்க. கட்டும்போது வாயத் தொறந்து சொல்லுங்க, வலது பக்கம் போகும், இடது பக்கம் நிக்கும்னு."

"பைத்தியம்னு நெனப்பாங்க."

"நெனச்சுக்கிட்டுப் போகட்டும். பைத்தியம் வண்டிய இடிக்காது."

அலுமாரிக்கு மேல் கிடந்த கல்யாணச் சப்பாத்தை இறக்கித் துடைத்தேன். புதனும் வியாழனும் வெள்ளியும் ஒன்றும் நடக்கவில்லை. கால் சப்பாத்துக்குள் இருந்தால் தான் காரில் இருப்பது அதற்குத் தெரிந்தது. வெறுங்காலில் த்ரீவீல் என்று தெரிந்தது. "கால் இருக்கே பாலா, அது நம்மள விடப் புத்திசாலி" என்று வெள்ளிக்கிழமை இரவு பெருமையாகச் சொன்னார். பாராட்டு காலுக்கு. யோசனை யாருடையது என்று கால் சொல்லவில்லை போலும்.

சனிக்கிழமை ஹாஜியார் வீட்டார் ஹேவாஹெட்டையில் ஒரு கல்யாண விருந்துக்குப் போக வேண்டியிருந்தது. என் தங்கச்சி மூக்காயி அங்கே தோட்டத்தில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, "முன் சீட்டு சும்மாதானே ஈக்கிது, தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்று கணபதியிடம் சொன்னார் கைரியா ராத்தா. தங்கச்சி என்றது என்னை. கடைசி நாள். நானும் போனேன். போகாமல் வீட்டில் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

தலாத்துஓயா தாண்டும் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மலை ஏற ஏற ஹாஜியாரும் பேசத் தொடங்கினார்.

"கணபதி இப்பதான் நல்லா ஓட்டுறான். மொதல் நாள் பாத்து எனக்கு நெஞ்சு அடிச்சிக்கொண்டிச்சி."

"ஒங்களுக்கு நெஞ்சுதான். எனக்கு யாசீன் ஓதி வாய் காஞ்சிச்சி," என்றார் ராத்தா.

மாரஸ்ஸனைக்கு மேலே, ஒரு பழைய தேயிலை பக்டரியின் வாசலுக்கு எதிரே ஒரு சின்ன ரோதமுனி கோயில் இருக்கிறது. ரோதமுனி என்றால் ரோதை என்கிற சக்கரத்துக்கும் மெஷினுக்கும் காவல். பக்டரியில் சக்கரம் சுற்ற ஆரம்பித்த காலத்தில் தோட்டத்து ஆட்கள் வைத்த சாமி. அந்த வழியாகப் போகும் நம்மவர்கள் வண்டி ஓட்டினால் உண்டியலில் காசு போடாமல் கடக்கமாட்டார்கள். கணபதி ஹேவாஹெட்டையில் பிறந்தவர். காரை ஓரம் கட்டினார்.

"ஹாஜியார், ஒரு நிமிசம். நம்ம சாமி."

"போய்ட்டு வா, போய்ட்டு வா. ஏன்ட காருக்கும் சேத்துக் கும்பிடு."

போனார். கும்பிட்டார். திருநீறு பூசிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நின்றதால் அவசரமாக ஏறிக் காரை எடுத்தார். நானும் சாமி கும்பிடும் நினைவில் கண்ணை மூடியிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது ஹாஜியார் பேசிக்கொண்டிருந்தார். "கணபதி, நான் யோசிச்சிட்டேன். திங்கக்கிழமையிலருந்து நீ நிரந்தரம்தான். ராத்தாவுக்கும் சரி. என்னா கைரியா?"

"எனக்குச் சரிதான். யாசீனக் கொஞ்சம் கொறச்சிக்கலாம்."

கணபதியின் முகம் மலர்ந்தது. எனக்கும் மனசு நிறைந்து, அந்த நிறைவில் கீழே குனிந்து பார்த்தேன். மிதிகட்டைக்கு மேலே அவருடைய வலது பாதம், ஐந்து விரலும் தெரிய, வெறுமையாக இருந்தது.

சப்பாத்து இரண்டும் அவருடைய கதிரைக்கு அடியில் கிடந்தன. வேறென்ன செய்வார்? சப்பாத்தோடு கோயிலுக்குள் போக முடியுமா? கழற்றியவர் திரும்பப் போடவில்லை. மூன்று நாள் நான் போட்ட கணக்கில் எல்லாம் இருந்தது, சாமி மட்டும் இல்லை.

"இந்தாங்க," என்றேன் மெதுவாக. "காலு குளிரலையா?"

"இல்ல. நல்லா இருக்கு."

"குளிரும். பாருங்க."

"அதெல்லாம் குளிராது பாலா. நீ ஜன்னலச் சாத்திக்க."

முன்னால் இறக்கம். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் தேயிலை மேடு, மற்றப் பக்கம் சொல்லத் தேவையில்லை.

"சப்பாத்து," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சப்பாத்துக்கு என்னா?"

"போடுங்க."

"ஓடிக்கிட்டிருக்கும்போதா? சும்மா இரு."

"அப்போ நிப்பாட்டிப் போடுங்க!"

சத்தம் கூடிவிட்டது. பின்னாலிருந்து ஹாஜியார், "என்னா தங்கச்சி, சப்பாத்துல என்ன ஈக்கிது?" என்று கேட்டார். அதற்கு நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு கொழுந்து லொறி, பாதையை அடைத்துக்கொண்டு பின்பக்கமாக எங்களை நோக்கி வந்தது.

கணபதியின் கால் ஓங்கி மிதித்தது. கார் பாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஒரு விதமாகச் சொல்கிறார், நான் ஒரு விதமாகச் சொல்கிறேன், கைரியா ராத்தா ஆளுக்கேற்ற மாதிரிச் சொல்கிறார். எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: கை மட்டும் சரியாக வேலை செய்தது. கார் பள்ளத்துப் பக்கம் போகாமல் மேட்டுப் பக்கம் திரும்பி, தேயிலைச் செடிக்குள் ஏறி, மூக்கை மண்ணில் குத்தி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முன் பம்பர் வெடித்து, அதன் இடுக்கில் ஒரு பிடி கொழுந்து செருகிக்கொண்டிருந்தது.

லொறியிலிருந்து இறங்கி வந்தவர்களில் ஒருவன் குனிந்து பார்த்தான்.

"என்னாண்ணே, கொழுந்து எடுக்கக் காரோடயா வந்தீங்க? கங்காணிகிட்ட பேர் குடுத்துட்டீங்களா?"

"அதுவும் முத்தின எலையச் சேத்து எடுத்திருக்காரு, நிறுக்க மாட்டாங்க," என்றான் மற்றவன்.

கணபதி தலை நிமிரவில்லை. ஹாஜியார் காரிலிருந்து இறங்கி, பம்பரைத் தடவிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார்.

"கணபதி, பிரேக் புடிக்கல்லயா?"

"புடிச்சேன் ஹாஜியார்."

"புடிச்சா நிக்கணுமே."

பிரேக்கில்தான் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரைக் கராஜுக்கு அனுப்புவார்கள், இவர் தப்பித்துக்கொள்வார். அவர் வாய் அதற்கு ஆயத்தமாவதை நான் பார்த்தேன். அப்படித் தப்பினால் அடுத்த தடவை கார் எந்தப் பக்கம் திரும்பும்?

"பிரேக் நல்லாத்தான் இருக்கு ஹாஜியார்," என்றேன். "இவரு காலுதான் த்ரீவீல்ல இருக்கு."

சொல்லத் தொடங்கியதும் எனக்கே நிறுத்த முடியவில்லை. பொத்தான், முறுக்கு, பாலம், தேநீர்க் கடைப் பெஞ்சு, கல்யாணச் சப்பாத்து, ரோதமுனி, எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். லொறிக்காரர்களும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். கணபதி என்னைப் பார்த்த பார்வைக்கு அந்தத் தேயிலை கருகியிருக்க வேண்டும்.

"பெஞ்சுக் கதையையும் சொல்லணுமா?" என்றார்.

"பெஞ்சுதான் முக்கியம்."

கைரியா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு வீடு வெச்சிக்கிற ஆம்புள மாதிரித்தான் ஈக்கிது கத. காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு. பேர் மாறிக் கூப்பிடாம என்ன செய்யும்?"

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"சப்பாத்தப் போடு," என்றார்.

பாதையோரம் உட்கார்ந்து, அத்தனை பேரும் பார்க்க, கணபதி சப்பாத்தைப் போட்டுக் கயிறு கட்டினார். உதடு அசைந்தது. வலது பக்கம் போகும், இடது பக்கம் நிற்கும். சத்தம் வரவில்லை, ஆனால் சொன்னார். லொறிக்காரர்கள் காரைப் பின்னுக்குத் தள்ளி இறக்கிக் கொடுத்தார்கள். ஹேவாஹெட்டைக்கு மெதுவாகப் போனோம். நிரந்தரம் என்று சொன்னதை ஹாஜியார் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை, உறுதி செய்யவுமில்லை.

நான் மூக்காயி வீட்டில் இறங்கி அவளுடைய தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆற விட்டேன். "என்னாக்கா, யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன்.

பின்னேரம் என்னை ஏற்ற வந்தார்கள். விருந்து எப்படி என்று கேட்டேன். "சாப்பாடு நல்லம்" என்றார் ராத்தா. அவ்வளவுதான். கணபதி இடது கையால் இடது தொடையைப் பிசைந்துகொண்டே ஓட்டினார். மரத்துப் போகிற கால் அது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பழனியாண்டிக்குக் கொடுத்திருந்தால், முதல் நாளே கொடுத்திருந்தால்.

மாலை வெளிச்சத்தில் ரோதமுனி கோயில் தெரிந்தது. கணபதியின் கை ஸ்டியரிங்கில் கொஞ்சம் தயங்கியது. நிறுத்தவும் பயம், நிறுத்தாமல் போகவும் பயம். கார் நடையை விட மெதுவாக ஊர்ந்தது.

"நிப்பாட்டு," என்றார் ஹாஜியார்.

நின்றது.

"நீ எறங்காத. தங்கச்சி, நீங்க போய்க் காசப் போட்டுட்டு வாங்க. இவன்ட காலு காருக்குள்ளயே ஈக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "திங்கக்கிழமையும் அப்பிடித்தான். கோயிலோ பள்ளியோ, டியூட்டியில சப்பாத்துக் கழட்டக் கூடாது. வெளங்கிச்சா?"

"வெளங்குச்சு ஹாஜியார்."

"த்ரீவீல் சாவி எங்க?"

சாவி கணபதியின் சட்டைப் பையில் இருந்தது. நூலில் கட்டின வேல் வெளியே தொங்கியது. நான் கையை விட்டு எடுத்தேன். ஏதோ என் கை தங்க நகையைக் களவெடுக்கிற மாதிரிப் பார்த்தார்.

"இது பழனியாண்டிகிட்ட போகுது," என்றேன்.

"அவன் கண்ணாடியில—"

"கண்ணாடியக் கழட்டிட்டுக் குடுப்போம்."

"திங்கக்கிழம பஸ்ஸுல வா," என்றார் ஹாஜியார். "நிக்கேலாட்டி, கண்டக்டர்ட்ட முதுகுக்குச் சுகமில்லண்டு செல்லி இடம் கேளு. கேக்க வெக்கமெண்டா ஏன்ட கார்ல ஏற வேணாம். பம்பர் கத பிறகு."

நான் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், உண்டியலில் காசைப் போட்டேன். ரோதமுனியிடம் கேட்க நிறைய இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நீதானே கழற்ற வைத்தாய் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

காருக்கு வந்து குனிந்து பார்த்தேன். கார் நிறுத்தி, பொத்தானை அமத்தி அணைத்தும் ஆகிவிட்டது. அசையக்கூட வழியில்லாமல் நின்றது. அப்படியும் சப்பாத்துக் கால் பிரேக்கை முழு மூச்சாக மிதித்துக்கொண்டிருந்தது.

"விடுங்க," என்றேன்.

"நீ மொதல்ல ஏறு," என்றார்.